இலங்கையும் சிக்கிமும்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். மூன்று ஏக்கரையும் இந்தப் போகமே இயற்கை விவசாயத்துக்கு மாற்றப் போகிறானாம். சந்தோஷம்தான். ஆனால் எனக்கு இலங்கை ஞாபகம் வந்தது.

2021 மே மாதம் அங்கே அதிபர் கோத்தபய ராஜபக்ச ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார். (டாலர் தட்டுப்பாடும் ஒரு காரணம், அதையும் சொல்ல வேண்டும்.) நாடு முழுக்கப் போட அத்தனை தொழுவுரத்துக்கு எங்கே போவது? நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் அடிவாங்கியது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு வெளியிலிருந்து அரிசி வாங்கியது.

சிக்கிமில் 2003-ல் முதல்வர் பவன் சாம்லிங் சட்டமன்றத்தில் அறிவித்தார். உர மானியத்தை ஆண்டுக்கு ஆண்டு குறைத்து, மண்புழு உரம் தயாரிக்கப் பழக்கி, சுமார் 75,000 ஹெக்டேருக்குச் சான்றிதழ் வாங்கி, முழு இயற்கை மாநிலமாக அறிவிக்கப்பட்டபோது 2016 ஆகிவிட்டது. அங்கே முன்பும் உரம் அதிகம் போட்டதில்லை. இன்றும் அரிசி வெளியிலிருந்துதான் வருகிறது. இதையும் மறைக்கக் கூடாது.

“முதலில் கால் ஏக்கரில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழு. மற்றதை அறுவடை முடிந்து பேசலாம்” என்றேன். “சரிங்க சார்” என்றான்.