ஆச்சியின் பிஸ்கட் டப்பா

கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன். பொறுமை இருக்கறவங்க கூட வாங்க.

திருநெல்வேலி டவுன்ல எங்க ஆச்சி வீட்டைப் பாகம் பிரிச்சப்ப பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தேக்கு பெஞ்சு எல்லாத்துக்கும் ஆள் இருந்தது. ஆச்சி கல்யாணச் சீரோட கொண்டு வந்த மரப்பாச்சி ஜோடிக்கு மூணு பேர் போட்டி. 'ஆன்டிக்'காம், நல்ல விலைக்குப் போகுமாம். கடைசியில சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டதுல பெரியப்பா மகன் வீட்டுக்குப் போச்சு. அந்த ஜோடியோட உடுப்பெல்லாம் போட்டு வச்சிருந்த பழைய பிஸ்கட் டப்பாவை மட்டும் யாரும் கேக்கல. பேப்பர்காரருக்குப் போடுற குவியல்ல கிடந்தது. நான் எடுத்து வச்சுக்கிட்டேன். "ஏட்டி, அந்தக் கந்தலை வச்சு என்ன செய்யப் போற?"ன்னு பெரியம்மை கேட்டா.

அன்னைக்கு சிரிச்சு சமாளிச்சிட்டேன். பதிலை இங்க எழுதிடறேன்.

எனக்கு பொம்மைக் கிறுக்கு உண்டுன்னு இங்க வர்றவங்களுக்குத் தெரியும். பார்பிதான். ஆனா புதுசா டப்பாவோட வாங்குற வசதி எல்லாம் கிடையாது. பாளையங்கோட்டையில பழைய சாமான் கடைகள்ல மொட்டைத் தலையும் ஒத்தைக் காலுமா கிடக்கறதை எடுத்து வந்து, ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, முடி சீவி, சேலை கட்டி அலமாரியில நிக்க வைக்கிறதுதான் நம்ம பொழப்பு. இதைப் பாக்கறவங்க எல்லாம் "இது வெள்ளைக்காரங்க பழக்கம்லா?"ன்னு கேப்பாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். டப்பாவைத் திறந்த அன்னைக்கு அந்த நினைப்பு போச்சு.

மரப்பாச்சி தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. செஞ்சந்தனம்னு சொல்ற செம்மரத்துல செதுக்கின ஆண் பெண் ஜோடி. கல்யாணத்துல பொண்ணுக்குக் கொடுத்து விடுவாங்க. நவராத்திரிக் கொலுவில முதல்ல படியேறுறது இதுங்கதான். மத்த பதினோரு மாசமும் பிள்ளைங்க கையில கிடக்கும். மரத்தை உரசிப் பத்துப் போடுற வழக்கமும் உண்டு. எங்க ஆச்சியோட ஆண் பாச்சிக்கு ஒரு பக்கம் முதுகு தேஞ்சிருக்கறது அதனாலதான். செம்மரம் 1995-ல சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள்ள வந்துச்சு. இப்பக் கடையில பாக்கறதுல நிறைய, வேற மரத்துல செஞ்சு சாயம் ஏத்தினது. பழசுக்கு இவ்வளவு அடிதடி நடக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இதை எழுதுறவங்க எல்லாரும் மரத்தைப் பத்தி எழுதுவாங்க, செதுக்கினதைப் பத்தி எழுதுவாங்க. உடுப்பைப் பத்தி யாரும் பேசறதில்ல. ஏன்னா உடுப்பு மிஞ்சறதில்ல. கொலுவுக்குக் கொலு பழசை அவுத்துப் போட்டுட்டுப் புதுசு கட்டுவாங்க. அவுத்தது அடுப்படியில கைப்பிடித் துணி ஆகிடும். எங்க ஆச்சி மட்டும் எதையும் தூரப் போடாத ஜென்மம். அதனால மிஞ்சுச்சு.

எண்ணிப் பாத்தேன், 31 உருப்படி. ஒண்ணு கூட இதுக்குன்னு காசு கொடுத்து வாங்கின துணி இல்ல. தையக்கடைக்காரர் வெட்டித் தள்ளின பிட்டு பாதி. கிழிஞ்ச வேட்டியோட கரை. அத்தை சின்னப் பிள்ளையில உடுத்தின சீட்டிப் பாவாடைத் துண்டு. எழுபதுகள்ல ஊரே பைத்தியமா அலைஞ்ச நைலெக்ஸ் சேலைத் தலைப்பு ஒண்ணு, இன்னைக்கும் மடிப்பு கலையாம அப்படியே இருக்கு. தாத்தாவோட டெரிலின் சட்டைக் கை, ஆண் பாச்சிக்கு மேல்துண்டா மாறியிருக்கு. ஒரு பட்டுத் துண்டுல கரை இருக்க வேண்டிய இடத்துல வரிசையா நூல் மட்டும் தொங்குது. அது ஏன்னு அம்மாதான் சொன்னா. பழைய பட்டுச்சேலை ஜரிகையை எடைக்கு வாங்கி உருக்குறவங்க தெருவுக்கு வருவாங்கல்லா, கரையை அவங்ககிட்ட வித்துட்டு மிச்ச உடம்பை ஆச்சி பாச்சிக்கு வச்சுக்கிட்டாளாம். கை கஷ்டமான வருஷம். எந்த வருஷம்னு அம்மா சொல்லல, நானும் தோண்டல. வீட்டு வரவு செலவு நோட்டுல இருக்காத விஷயம் இந்தத் துண்டுல இருக்கு.

ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை லேஸ் ஒண்ணும் இருந்தது. பக்கத்து வீட்டுல குடியிருந்த இடையன்குடிக்கார டீச்சர் கொடுத்ததாம். நெல்லைக்காரங்களுக்குச் சட்டுனு பிடிபடும். கால்டுவெல் 1841-ல போய் இறங்கின இடையன்குடியேதான். அவர் திராவிட மொழிகளை ஒப்பிட்டுப் புத்தகம் எழுதினது எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவி எலிசா அந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக் கொடுத்தது எத்தனை பேருக்குத் தெரியும்? எலிசாவோட அம்மா மார்த்தா மால்ட், அதுக்கும் முன்னாடியே நாகர்கோவில்ல அதே வேலையைத் தொடங்கினவங்க. அங்க ஆரம்பிச்ச கைவேலையில ஒரு சாண், கடைசியில எங்க பெண் பாச்சிக்கு முக்காடு!

கட்டுற முறையைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். மரப்பாச்சிக்குக் கை தனியா இருக்காது. உடம்போட ஒட்டியே செதுக்கியிருப்பாங்க. முன்னும் பின்னும் சப்பை. அதுக்குக் கை வச்ச ரவிக்கை தச்சா மாட்டவே முடியாது. அதனால ஒரு பட்டைத் துணியை மார்பைச் சுத்திக் கட்டி, அது மேல சேலை. ஊசி குத்த முடியாது, பின்னால நூலால ஒரு கட்டு. நகை, சாக்லேட்டு சுத்தின ஜிகினாத் தாள்ல. அஞ்சு வயசுப் பிள்ளை இதுலதான் கொசுவம் வைக்கப் படிக்கும். ஆச்சி எங்க கையில அடிச்சு அடிச்சுச் சொல்லிக் கொடுத்தது: "வலது பக்கம் சொருகாத, இடுப்பு வீங்கின மாதிரி தெரியும்." இன்னைக்கும் பார்பிக்குக் கட்டும்போது காதுல கேக்குது.

பொம்மையை விட உடுப்பு முக்கியம்ங்கறது நம்மூரு சமாச்சாரம் மட்டும் இல்ல. 17, 18-ம் நூற்றாண்டுகள்ல பாரிஸ் தையல்காரங்க புது மோஸ்தரை ஒரு பொம்மைக்குப் போட்டு மத்த நாட்டு அரண்மனைகளுக்கு அனுப்புவாங்க. பண்டோரான்னு பேரு. போட்டோ இல்லாத காலத்துல அதுதான் கேட்டலாக். இன்னும் நெஞ்சைத் தொடுறது 1945-ல நடந்தது. யுத்தம் முடியல, பாரிஸ்ல துணிக்குத் தட்டுப்பாடு, ஆளுயரத்துக்கு உடுப்பு தைக்க வழியில்ல. பெரிய பெரிய தையல் வீடுகள் சேர்ந்து, கம்பியில ஆள் உயரத்துல மூணுல ஒரு பங்கு அளவுக்கு பொம்மை செஞ்சு, அதுக்கு ஒழுங்கா உள்பாவாடை பொத்தான் எல்லாம் வச்சுத் தச்சு கண்காட்சி வச்சாங்க. தியேத்ர் த லா மோத்னு பேரு. வசூல் யுத்த நிவாரணத்துக்கு. கஷ்ட காலத்துல பொம்மைக்குத் துணி கட்டிப் பாக்குறது எங்க ஆச்சி மட்டும் இல்லன்னு தெரிஞ்சப்ப ஒரு ஆறுதல். என்ன ஒண்ணு, அந்த உடுப்புங்க இன்னைக்கு அமெரிக்காவுல மேரிஹில் மியூசியத்துல இருக்கு. இது பேப்பர்காரர் சாக்கு வரைக்கும் போயிட்டு வந்தது.

பார்பி கதையும் உடுப்புக் கதைதான். ரூத் ஹேண்ட்லர் தன் மக காகித பொம்மைகளுக்கு உடுப்பு மாத்தி மாத்தி விளையாடுறதைப் பாத்து யோசிச்சது. ஜெர்மனியோட லில்லி பொம்மையைப் பாத்து உருவம் கிடைச்சது. 1959 மார்ச்சுல நியூயார்க் பொம்மைச் சந்தையில இறக்கினாங்க, பொம்மை விலை 3 டாலர். உடுப்புக்குத் தனிக் காசு. பொம்மை ஒரு தடவை, உடுப்பு காலத்துக்கும். கெட்டிக்கார வியாபாரம்! ஆனா அந்த ஊர் அம்மாக்களும் லேசுப்பட்டவங்க இல்ல. மெக்கால்ஸ், சிம்ப்ளிசிட்டி கம்பெனிக்காரங்க வித்த காகித அளவை வாங்கி, வீட்டுல மிஞ்சின துணியில அவங்களே தச்சுட்டாங்க. உலகம் முழுக்க ஆச்சிங்க ஒரே மாதிரிதான் போல.

நம்ம பக்கம் ரொம்ப நாள் பார்பின்னா சிங்கப்பூர், துபாய்னு போனவங்க பெட்டியில வர்ற அதிசயம். மேட்டல் 1982-ல 'இந்தியா பார்பி'ன்னு சேலை கட்டி ஒண்ணு விட்டாங்க. பிறகு லியோ மேட்டல்னு இங்கேயே செய்ய ஆரம்பிச்சு, தொண்ணூறுகள்ல சேலை கட்டின பார்பி கடைகளுக்கு வந்துச்சு. எனக்கு அது வாங்கித் தரல. அப்பா சொன்ன காரணம், "வீட்டுல ரெண்டு பாச்சி இருக்குல்லா?"

இப்ப நானா கட்டிப் பாக்கும்போது ஒரு கணக்கு பிடிபட்டுச்சு. பார்பி சுமார் 29 செ.மீ., ஆளுல ஆறுல ஒரு பங்கு. அப்ப அஞ்சரை மீட்டர் சேலை 92 செ.மீ. ஆகும், அகலம் 19 செ.மீ. அளவு சரிதான். ஆனா சேலையை ஆறாச் சுருக்கலாம், நூலோட கனத்தைச் சுருக்க முடியாதே! ஏழு கொசுவம் வச்சா பொம்மை வயித்துல தலகாணி கட்டின மாதிரி நிக்கும். முழிச்சுக்கிட்டு இருந்தப்ப டப்பாவுல இருந்த சேலையை எல்லாம் அளந்தேன். எதுவுமே ரெண்டு சாணைத் தாண்டல. கொசுவம் மூணே மூணு, அதுவும் துவைச்சுத் துவைச்சு நஞ்சு போன மல் துணியில. ஆச்சிக்கு ஆறுல ஒண்ணு, எட்டுல ஒண்ணு கணக்கெல்லாம் தெரியாது. கைக்குத் தெரிஞ்சிருக்கு. இப்ப நானும் அப்படித்தான். தாத்தா காலத்து நைஞ்ச வேட்டி, பழைய கைக்குட்டை. ஒரு ஜாக்கெட் பிட்டு கிடைச்சா நாலு பார்பிக்குப் பொங்கல் சேலை முடிஞ்சுது. செலவுன்னு பாத்தா நூலும் சம்கியும்தான்.

மத்த சாமானுக்கும் தாமிரபரணிக் கரையை விட்டு வெளிய போக வேண்டியதில்ல. அம்பாசமுத்திரத்துல கடைஞ்சு அரக்குச் சாயம் ஏத்தின சொப்புச் சாமான், பாச்சிக்கும் பார்பிக்கும் ஒண்ணு போலப் பொருந்தும். பத்தமடையில கோரைப் பாய் நெய்யறவங்ககிட்ட பொம்மை படுக்கற அளவுக்குச் சின்னதா ஒண்ணு கேட்டு வாங்கினேன். சங்கப் பாட்டுல பிள்ளைங்க வச்சு விளையாடுற பஞ்சாய்ப் பாவை நினைவுக்கு வந்துச்சு. பஞ்சாய்னா கோரை. ஆத்தங்கரையில பிடுங்கின கோரையில பொம்மை. கோரை மக்கிப் போச்சு, ஒண்ணு கூட நம்ம கையில இல்ல. யாரோ பாட்டுல எழுதி வச்சதால பேரு மட்டும் இருக்கு. பஞ்சாய்ப் பாவைக்கு என்ன உடுத்தியிருப்பாங்கன்னு யோசிச்சா எனக்குத் தூக்கம் வராது.

டெல்லியில சங்கர் பொம்மை மியூசியம் இருக்கு, கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ல ஆரம்பிச்சது. 85 நாட்டுல இருந்து ஆறாயிரத்துக்கு மேல பொம்மைங்க. அங்கயும் ஒவ்வொண்ணும் எந்த நாடு, எந்த ஊருன்னு காட்டிக் கொடுக்கறது உடுப்புதான். அதைப் பத்திப் படிச்சதும்தான் எனக்கு உறைச்சது. நான் உக்காந்து 31 துண்டுக்கும் நம்பர் போட்டு, அம்மாவுக்கும் அத்தைக்கும் போன் பண்ணி, எது யார் சேலை, எந்தக் கல்யாணத்துக்கு எடுத்ததுன்னு ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். 22 ஆச்சு. மூணு துண்டு, 1924-ல இருந்து நம்மூருல இருக்கற ஆரெம்கேவியில எடுத்த சேலைங்களாம். அத்தைக்கு எண்பத்தி மூணு வயசு, சில நாள் எல்லாம் நினைவு வரும், சில நாள் என்னையே யாருன்னு கேப்பா. மீதி ஒன்பதுக்கும் நல்ல நாளா பாத்துப் பாத்து போன் பண்ணிட்டிருக்கேன்.

போன மாசம் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மரப்பாச்சி ரெண்டும் கண்ணாடி அலமாரிக்குள்ள வார்னிஷ் பளபளக்க நிக்குது, மேல விளக்கு வேற. உடம்புல பொட்டுத் துணி இல்ல. மதினிகிட்ட கேட்டேன், "துணி கட்டினா மரம் தெரியாதுல்லா?"ன்னா. நான் ஒண்ணும் சொல்லல. அளவு மட்டும் எடுத்துட்டு வந்தேன். நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கு.