ரோலை 35
ஜெர்மனியின் ரோலை நிறுவனம் 1966இல் வெளியிட்ட கையடக்க ஃபிலிம் கேமரா. ஹைன்ஸ் வாஸ்கெ வடிவமைத்தது. 1970களில் இதன் உற்பத்தி சிங்கப்பூர் ஆலைக்கு மாறியது. 1981இல் நிறுவனம் நொடித்தது.

ஷட்டர் முழுக்க இயந்திர விசையால் இயங்கும். வேகம் 1/2 முதல் 1/500 நொடி வரை. பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே என்பதால், அது தீர்ந்தாலும் படமெடுக்கலாம். ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோல் இடப்புறம் உள்ளது. அதை இழுத்து ஷட்டரை ஏற்றிய பின்பே, வெளியே நீண்டிருக்கும் லென்ஸை உள்ளே அழுத்த வேண்டும். பலவந்தமாகத் தள்ளினால் பொறி கெடும்.

மலேசியாவின் பந்திங், கிள்ளான் போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் லென்ஸில் பூஞ்சை படர்வதே இதன் பெரும்பகை. சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாத பெட்டியில் வைப்பது நல்லது. பிரித்துப் பழுதுபார்க்கத்தக்க கட்டமைப்பும் இக்கேமராவின் நீண்ட ஆயுளுக்கும் மதிப்புக்கும் ஒரு காரணம்.