எச்சரிக்கை ஏற்பு: திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய வரலாறு

கண்காணிப்புக் கருவியோ மென்பொருளோ எழுப்பும் அலாரத்தை, பணியில் இருப்பவர் தாம் கண்டுவிட்டதாகப் பதிவுசெய்யும் செயல் எச்சரிக்கை ஏற்பு எனப்படும். பொத்தானை அழுத்தியதும் ஒலி அடங்கும், சிமிட்டிய விளக்கு நிலையாக எரியும், பழுது மட்டும் அப்படியே இருக்கும். பொறியியலாளர் பேச்சில் இது ‘ஆக்’. “ஆக் பண்ணியாச்சா?” என்று கேட்பவர் பழுது தீர்ந்ததா என்று கேட்கவில்லை, யாராவது பார்த்தார்களா என்றுதான் கேட்கிறார். இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றாகக் கலந்த இடங்களில்தான் விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. கொடி, ராடார், எண்ணெய்க் குதம், சுனாமி எச்சரிக்கை என இந்தச் செயலின் பல வடிவங்களைக் கண்டது திருகோணமலைத் துறைமுகம்.

கொடிக் காலம்

திருகோணமலை 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. கம்பியில்லாத் தந்திக்கு முன் கப்பலும் கரையும் கொடிகளால் பேசின. 1857இல் வணிகக் கப்பல்களுக்கென வெளியான குறியீட்டிலிருந்து வளர்ந்த அனைத்துலக முறையில், பதில் சொல்வதற்கென்றே சிவப்பும் வெள்ளையுமான ஒரு நீள்கொடி உண்டு. அதைப் பாதி உயரத்தில் ஏற்றினால் ‘உன் கொடிகளைக் கண்டேன்’ என்று பொருள். உச்சிக்கு ஏற்றினால் ‘பொருளும் விளங்கியது’ என்று பொருள். கண்டதும் விளங்கியதும் வெவ்வேறு என்பதை இவ்வளவு தெளிவாகப் பிரித்த ஏற்பு முறை பின்னாளைய கணினித் திரைகளில் அரிது.

இயந்திர அறைக்கான கட்டளைக் கருவியும் இதே வகையைச் சேர்ந்தது. மேற்தளத்தில் கைப்பிடியைத் திருப்பினால் கீழே மணி அடித்து முள் நகரும். கீழே இருப்பவர் தம் கைப்பிடியையும் அதே இடத்துக்குத் திருப்பினால் மேலே பதில்மணி அடிக்கும். ஏற்பவர் தாம் ஏற்ற கட்டளை எதுவென்று திருப்பிக் காட்டியாக வேண்டும். வெறுமனே ‘சரி’ என்று சொல்ல அதில் வழியில்லை.

1942 ஏப்ரல்

1942 ஏப்ரல் 4இல் கொக்கலையிலிருந்து சென்ற கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சலின் கட்டலினா விமானம் இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர்தப்பிச் சிறைப்பட்ட குழுவினர் செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று சாதித்தனர். ஆனால் அச்செய்தியை மீண்டும் அனுப்பும்படி கொழும்பு கேட்டது ஜப்பானியர் காதிலும் விழுந்துவிட்டது. ஏற்பு தவறான காதில் விழுந்ததற்கு இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு தாக்கப்பட்டது. தாக்குதல் வரும் என்று தெரிந்திருந்தும், ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோது கொழும்பை அடுத்த இரத்மலானையில் போர் விமானங்கள் தரையிலேயே நின்றன. திருகோணமலையில் நடந்தது வேறு. ஏப்ரல் 8இல் ஜப்பானியக் கப்பல்கள் மீண்டும் தென்பட்டதும் அன்றிரவே துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. 9ஆம் திகதி காலை 7.06க்கு ராடார் நிலையம் 91 மைல் தொலைவிலேயே விமானக் கூட்டத்தைப் பிடித்தது. துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடா ஓடுதளத்திலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் நேரத்துடன் மேலெழுந்தன. தாக்குதல் தடுக்கப்படவில்லை, ஓடுதளமும் துறைமுகமும் அடிபட்டன, எண்ணெய்க் குதம் ஒன்று எரிந்தது. ஆயினும் ராடார் திரையின் முன் இருந்தவர் கண்டது, கட்டளை இடுபவரிடம் போய், அங்கிருந்து ஓடுதளத்துக்கு வந்தது. அந்தச் சங்கிலி அன்று அறவில்லை.

அறுந்தது வேறிடத்தில். எச்சரிக்கையை ஏற்று முதல்நாளே துறைமுகத்தை விட்டுப் போன விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டது. காப்பு விமானங்கள் நேரத்துக்கு வரவில்லை. கப்பல் மூழ்கி 307 பேர் இறந்தனர். முதல் எச்சரிக்கைக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்யப்பட்டது. அடுத்து எழுந்த எச்சரிக்கை அதே வேகத்தில் கைமாறவில்லை.

பலகையிலிருந்து மென்பொருளுக்கு

போருக்குப் பின் ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் வரிசை வரிசையாகச் சிறு விளக்குகள் பொருத்திய அலாரப் பலகைகள் பரவின. விளக்கு சிமிட்டும், ஊதுகுழல் ஒலிக்கும்; ஏற்றதும் ஒலி நிற்கும்; நிலைமை சீரானதும் மீளமைக்க வேறொரு பொத்தான். இந்த வரிசைமுறையை ஐஎஸ்ஏ 18.1 என்ற அமெரிக்கத் தரநிலை 1979இல் ஒழுங்குபடுத்தியது. அதே ஆண்டு மார்ச்சில் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட அலாரங்கள் எழுந்தன. எதை முதலில் பார்ப்பது என்பதே ஆபரேட்டர்களின் பிரச்சினையாயிற்று.

கணினி வந்தபின் அலாரம் சேர்ப்பதற்குச் செலவே இல்லாமல் போனது. விளக்கும் வேண்டாம், வயரும் வேண்டாம். 1994இல் பிரித்தானியாவின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடிப்புக்கு முந்தைய 10.7 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரங்கள் வந்தன. அந்த நிலையில் ஏற்புப் பொத்தான் சத்தத்தை நிறுத்தும் பொத்தானாக மட்டுமே பயன்படும். 1999இல் வெளியான ஈஈஎம்யுஏ 191 என்ற அலார வழிகாட்டி, ஒருவருக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்ற அளவு ஏற்கத்தக்கது என்றது.

கணினி வலையமைப்புகளைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் இந்த மரபைக் கடன் வாங்கின. 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளிவந்து 2002இல் நாகியோஸ் எனப் பெயர் மாறிய மென்பொருளில், ஒரு பழுதை ஏற்பவர் குறிப்பும் எழுத வேண்டும்; அவர் பெயரும் பதிவாகும். ‘ஒட்டும்’ வகை ஏற்பு, நிலைமை முழுதும் சீராகும்வரை அறிவிப்புகளை அடக்கிவைக்கும். மற்ற வகை, பழுது எச்சரிக்கை நிலையிலிருந்து கடும் நிலைக்கு மாறினாலே நீங்கி, அறிவிப்பு மீண்டும் வரும். முதல் வகை தூக்கத்துக்கு நல்லது. பிந்தி வந்த சேவைகளில், ஏற்றவர் குறித்த நேரத்துக்குள் தீர்க்காவிட்டால் அலாரம் மறுபடி எழும். எவருமே ஏற்காவிட்டால் அடுத்த ஆளின் தொலைபேசி ஒலிக்கும்.

கப்பலும் குதமும்

உட்துறைமுகத்தில் கோதுமை, சீமெந்து ஆலைகளின் இறங்குதுறைகளுக்கு வரும் சரக்குக் கப்பல்களில் இதன் கண்டிப்பான வடிவம் ஒன்று உண்டு. 2011 ஜூலை முதல் படிப்படியாகக் கட்டாயமான மேற்தளக் காவல் அலாரம், 3 முதல் 12 நிமிடத்துக்கு ஒருமுறை காவலில் இருப்பவர் விழித்திருக்கிறாரா என்று கேட்கும். முதலில் விளக்கு, 15 விநாடியில் ஒலி, இன்னும் 15 விநாடியில் மாற்று அதிகாரியின் அல்லது கப்டனின் அறையில் ஒலி. இங்கே பழுது எதுவும் இல்லை. மனிதர் இருக்கிறாரா என்பது மட்டுமே கேள்வி.

சீனன்குடாவில் இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் உள்ளன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 லங்கா ஐஓசியிடமும், 24 இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டின் கூட்டு நிறுவனத்திடமும் இருக்கின்றன. குதத்தில் எண்ணெய் மட்டம் உயர்ந்தால் ஓர் அலாரம், மேலும் உயர்ந்தால் தனிக் கருவியிலிருந்து இன்னோர் அலாரம் என்பது இத்தொழிலின் பொது வழக்கம். 2005 டிசம்பரில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் கிடங்கில் மட்டமானி ஓரிடத்தில் நின்றுவிட்டது, தனிக் கருவியும் வேலை செய்யவில்லை. பெற்றோல் வழிந்து வெடித்தது. அங்கே ஏற்பதற்கே அலாரம் எழவில்லை. அமைதியான திரையைப் பார்த்து நிம்மதி அடைவது எவ்வளவு சரி என்ற கேள்வியை அந்த விபத்து எழுப்பியது.

2004 டிசம்பர் 26

ஞாயிறு, போயா தினம். அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.59க்கு சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தில் சுமார் 8 நிமிடத்தில் அலாரம் ஒலித்தது. பணியில் இருந்தவர்கள் அதை ஏற்று, கணித்து, 7.14க்கு அறிக்கையும் வெளியிட்டனர். பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றது அது. மையத்தின் பொறுப்பு பசிபிக் வரைதான். நடைமுறைப்படி எல்லாம் சரியாகவே நடந்தன.

கண்டிக்கு அருகே பல்லேகலவில் இருந்த பதிவு நிலையமும் அதிர்வைப் பதிவுசெய்தது. அதை இரவுபகலாகப் பார்த்திருந்து எச்சரிக்கும் ஏற்பாடு நாட்டில் இருக்கவில்லை. சுனாமி அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த நேரத்துக்குள் எச்சரிக்கை எவர் கையிலும் சேரவில்லை. திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவும் மூதூரும் பேரழிவைக் கண்டன. கிண்ணியா மருத்துவமனை அழிந்தது. இலங்கையில் உயிர்கள் போனதை ஹவாய் மையத்தினர் இணையச் செய்திகளில் படித்தே அறிந்தனர்.

அதன்பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. வெளிநாட்டு மையங்களின் சுனாமிச் செய்தியை வளிமண்டலவியல் திணைக்களம் பெறுகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் மாவட்டங்களுக்கு அனுப்புகிறது. கரையோரங்களில் சைரன் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2.08க்கு சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது இந்தச் சங்கிலி வேலை செய்தது. மக்கள் கரையை விட்டு உள்ளே போயினர். பெரிய அலை வரவில்லை. மாலையில் எச்சரிக்கை நீக்கப்பட்டது. வீண் அலைச்சல் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு.

2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் மையங்கள் இந்து சமுத்திரத்துக்கான செய்திகளை வழங்குகின்றன. ஆண்டுக்கு இருமுறை, நிலநடுக்கம் எதுவும் இல்லாமலே, இம்மையங்கள் ஒரு சோதனைச் செய்தியை அனுப்பும். மின்னஞ்சல், தொலைநகல், குறுஞ்செய்தி என ஒவ்வொரு வழியிலும் அது எப்போது வந்து சேர்ந்தது என்று கொழும்பு உட்பட ஒவ்வொரு நாட்டு மையமும் பதில் எழுத வேண்டும்.