வடித்த காதுகள்

பெண்களின் அணிகலன்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அழகிலிருந்தே தொடங்குவர். நாம் உடைமையிலிருந்து தொடங்குவோம். சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் ஒரு தலைமுறைக்கு முன்வரை தோளைத் தொடும் காதுகளோடு வாழ்ந்த மூதாட்டிகளுக்கு, தம் பெயரில் பெரும்பாலும் நிலம் இல்லை. தமக்கென இருந்ததைக் காதில் தொங்கவிட்டிருந்தார்கள்.

காது வடிப்பது மழலைப் பருவத்திலேயே தொடங்கிவிடும். துளையிட்டுப் பஞ்சோ ஓலைச்சுருளோ செருகுவார்கள். துளை விரியவிரிய, குணுக்கு எனும் கனத்த வளையங்களை மாட்டுவார்கள். சதை இழுபட்டுக் கயிறுபோல நீண்டபின்தான் பொன் ஏறும். பாம்படம், தண்டட்டி, முடிச்சு, நாகவட்டம் என்று அவற்றின் பெயர்களே ஒரு சிறு அகராதி ஆகும். இவற்றுள் பாம்படத்தின் வடிவம் நம்மை வியக்க வைப்பது. கோளமும் கனசதுரமும் தகடும் கூடிய அமைப்பு அது. படமெடுத்த பாம்பைக் கோடுகளாகச் சுருக்கியது என்பர். உள்ளே அரக்கு, மேலே பொன் தகடு. பார்வைக்குப் பெரிது, பொன்னளவில் சிக்கனம். சிறு குடியானவனின் வரவுசெலவு அறிந்த தட்டாரின் கணக்கு அதில் இருக்கிறது.

நம் கோயில் சிலைகளின் நீண்ட காதுகள் இவ்வழக்கின் தொன்மைக்குச் சான்று. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட இனவரைவியல் குறிப்புகளில் இதைப் பதிவு செய்தார். ஆனால் உடலைச் சிதைக்கும் வழக்கங்களோடு சேர்த்தே அதை வைத்தார். கடல் கடந்தால் சரவாக்கின் பிடாயூப் பெண்களும் இத்தகைய பார்வைக்கு உள்ளானவர்களே. செம்பான் என்னும் மலையூரில் அப்பெண்கள் முன்கையிலும் கெண்டைக்காலிலும் பித்தளை வளையங்களை அடுக்கடுக்காகச் சுற்றிக்கொண்டனர். அங்கும் அவ்வழக்கம் சில முதியவர்களோடு முடிவை நெருங்கியது. அணிந்தவளுக்கு அது மதிப்பு. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு விந்தை.

எனினும், அன்று எல்லோரும் பொன் அணிந்தார்கள் என்று பெருமூச்செறிவது வரலாறாகாது. மேற்கே மலைக்கு அப்பால் இருந்த திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கவும் பொன் நகை பூணவும் தடை இருந்தது. நெடிய தோள்சீலைப் போராட்டத்தின் பின்னரே, 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசாணை இசைந்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற நிபந்தனை நீங்கவில்லை. கிழக்கே இராமநாதபுரத்திலோ, 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. ஆகவே ஒரு காதில் தொங்கிய பாம்படம், இன்னொரு காதுக்கு மறுக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்லும்.

இவ்வழக்கம் ஏன் மறைந்தது? பள்ளிக்கூடம் சென்ற பெண்கள் வடித்த காதைப் பட்டிக்காட்டு அடையாளமென நாணினர். பலர் மருத்துவரிடம் சென்று தொங்கும் சதையை அறுத்து ஒட்டிக்கொண்டனர். பாம்படம் உருக்கப்பட்டுக் கம்மலாயிற்று, வளையலாயிற்று. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் புதிய நகைகளைப் பதினான்கு காரட்டுக்குள் அடக்கியபோது, பொற்கொல்லர் பலர் தொழிலிழந்தனர். கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீங்கியபோது, இந்நகைகளைக் கேட்டு வருவோர் அருகிவிட்டனர்.

இதனோடு இன்னோர் ஆண்டையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பிறப்புரிமை வழங்கிய சட்டத் திருத்தம் 1989இல்தான் நடப்புக்கு வந்தது. நிலத்தில் பங்கு வருவதற்கு முன்பே காதிலிருந்த சொத்து, மகள் திருமணத்துக்கும் மகன் படிப்புக்கும் கிணறு வெட்டவும் கரைந்துபோயிருந்தது. 2023இல் வெளிவந்த 'தண்டட்டி' திரைப்படம், இறந்துபோன மூதாட்டியின் காதணி காணாமற்போவதைக் கதையாக்கியது. மரணத்தின்போதும் அந்தப் பொன்னின் மீதே உறவுகளின் கண் நிற்கும் என்பது இப்பகுதியினர் அறிந்ததுதான்.

மழலையின் காதைக் கனத்தால் இழுக்கும் வழக்கம் மீள வேண்டுமென்று நாம் கேட்கவில்லை; அந்த வலி போனது நல்லதே. ஆயினும் அக்காதுகளை நாகரிகமின்மையின் சின்னமென ஒதுக்குவதும் தகாது. அருங்காட்சியகப் பேழைகளில் பாம்படங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுமந்தவர்களின் பெயர்கள் அங்கே இல்லை. அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்த நகை எந்த ஆண்டில் எதற்காக விற்கப்பட்டது என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தால், வேறெந்த ஆவணத்திலும் இல்லாத குடும்ப வரலாறு நமக்குக் கிடைக்கும்.