விசேஷத்துக்கு முன்பு

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் கல்யாணமாகி மூன்று மாதம் போனால் போதும், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். மாமியாரில் தொடங்கி, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெரியம்மா வரைக்கும் அந்தக் கேள்விக்கு உரிமை உண்டு. ஆனால் அதே பெண், "குழந்தைக்கு முயற்சி செய்கிறோம், ஃபோலிக் அமிலம் எவ்வளவு சாப்பிட வேண்டும்?" என்று கேட்க ஆள் இல்லை. மருந்துக்கடையில் கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. கருத்தரிக்க நினைக்கும் பெரும்பாலான பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ ஒரு நாளைக்கு 0.4 மில்லிகிராம். இந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கம் நம் நாட்டுப் பெண்களின் பசித்த உடலில் இருக்கிறது.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்த பெண்களை ஆராய்வது அவர் வேலை. ஜவுளி ஆலைத் தொழிலாளிகள், கோஷாவில் அடைபட்டிருந்த ஏழை முஸ்லிம் பெண்கள் என்று இந்தச் சோகை யாரைத் தேடிப் போகிறது என்பதை அவர் கவனித்தார். அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்தார். அதே உணவை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. 1929இல் இந்த ஆய்வின் ஒரு பகுதி குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் நடந்தது. பின்னர், தேறாத ஒரு குரங்குக்கு, வேறு வழி தெரியாமல் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுக்கப்பட்டது. குரங்கு பிழைத்தது. பெண்களும் பிழைத்தார்கள். 1931 தொடக்கத்தில் வில்ஸ் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். ஆண் மருத்துவரிடம் போக முடியாத பெண்களுக்காக 1885இல் உண்டான மருத்துவமனை அது. கஸ்தூரிபா காந்தி பெயர் வைத்த பிறகும் ஊர் வாயில் கோஷா ஆஸ்பத்திரிதான்.

அந்த ஈஸ்ட்டில் இருந்த பொருள் 1941இல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. 1945இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சுப்பாராவின் பெயரும் வில்ஸின் பெயரும் வரலாற்றில் இருக்கின்றன. ரத்தம் கொடுத்த ஆலைப் பெண்களின் பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை.

அடுத்த கட்டம் ஐரோப்பாவில். முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகளுக்கும் தாயின் ஃபோலிக் அமிலக் குறைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1965இல் ஹிப்பர்ட், ஸ்மித்தெல்ஸ் இருவரும் எழுதினார்கள். உறுதியாகத் தெரிய 1991 வரை ஆனது. ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தையைச் சுமந்த 1,817 பெண்களிடம், 7 நாடுகளில் நடந்த பிரிட்டிஷ் ஆய்வில், கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக் குறைபாடு 72 விழுக்காடு குறைந்தது. கடை மாத்திரையின் 5 அந்த 4க்குப் பக்கத்தில் இருப்பது. முன்பு பாதிப்பைக் கண்டவர்களுக்கும், வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் மருத்துவர் எழுதித் தரும் அளவு அது. மற்றவர்களுக்கு 0.4 என்று 1992இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சொன்னது.

அளவைவிட நாள்தான் முக்கியம். கருவின் நரம்புக்குழாய் 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அதாவது, நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது எல்லாம் முடிந்திருக்கும். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் கருவின் நரம்புக்குழாயைத் தாக்குவதும் இந்த நாட்களில்தான். பிரான்சின் லியோன் நகரிலிருந்து 1982இலேயே எச்சரிக்கை வந்தது. அதற்காகத் தானாக மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு வந்து தாயின் உயிருக்கே ஆபத்து. மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய காலம் கர்ப்பத்துக்கு முன்பு. "எனக்கு வலிப்பு இருக்கிறது" என்று புகுந்த வீட்டில் சொல்லவே முடியாத பெண் இதை எப்போது பேசுவாள்?

அரசு என்ன செய்தது? 1970இலிருந்து கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை தருகிறது. அது வீண் அல்ல. வில்ஸ் கண்ட சோகைக்கு இன்றும் அது வேண்டும். ஆனால் அந்தத் தினசரி மாத்திரை தொடங்குவது நான்காம் மாதத்தில். 2018இன் ரத்தசோகை ஒழிப்புத் திட்டம், கருத்தரிக்கும் முன்பிருந்தே 400 மைக்ரோகிராம் என்று காகிதத்தில் சொல்கிறது. தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறார்கள். பதிவு செய்து பிக்மி எண் வந்த பிறகே ஒரு பெண் அரசின் கண்ணுக்குத் தாயாகத் தெரிகிறாள். குழாய் மூடி ஆறு வாரம் ஆகியிருக்கும்.

இது கள்ளக்குறிச்சி நகரத்துப் பெண்ணின் கணக்கு. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் மலையில் கணக்கு வேறு. 2024 கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து அந்த மலையின் சாலையையும் மருத்துவ வசதியையும் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஊரில், கர்ப்பம் உறுதியாகாத ஒருத்தி, உடம்பில் ஒரு நோவும் இல்லாதபோது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாத்திரை கேட்டு இறங்கி வருவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. மாத்திரைதான் ஏறிப் போக வேண்டும்.

அதற்கு வழியும் ஏற்கெனவே இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் 'தகுதியுள்ள தம்பதியர்' பதிவேடு என்று ஒன்று உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக உண்டானது. யாருக்கு எத்தனை குழந்தை, கடைசிக் குழந்தைக்கு என்ன வயது, என்ன கருத்தடை என்றெல்லாம் வீடு வீடாகப் போய் எழுதியது. பெண்கள் பெறாமல் இருப்பதற்காக அந்த மலையிலும் ஏறிப் போன நோட்டு அது.