கெர்னல் அப்டேட் வந்தாச்சா? ரீஸ்டார்ட் பண்ணினால்தான் பாதுகாப்பு
பெங்களூருவில் ஐடி வேலையா? லேப்டாப் கேட்கும் ‘ரீஸ்டார்ட்’டை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’னு தள்ளிப்போடுறீங்களா? இதைப் படிங்க.

இயங்குதளத்தின் மையம்தான் கெர்னல். நினைவகம், கோப்புகள், அனுமதிகள் எல்லாம் அதன் கையில். 2022-ல் லினக்ஸ் கெர்னலில் சிக்கியது ‘டர்ட்டி பைப்’ என்ற ஓட்டை. படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பையும் சாதாரண பயனர் ஒருவர் மாற்றி, முழு அதிகாரத்தைப் பிடித்துவிடலாம்.

திருத்தப்பட்ட கெர்னல் பிப்ரவரி 23-லேயே வந்துவிட்டது. தாக்கும் வழி மார்ச் 7-ல் பகிரங்கமானது. அதற்குப் பிறகு, அப்டேட் செய்யாதவர்களுக்குத்தான் ஆபத்து.

புதிய கெர்னலை நிறுவினாலும், பொதுவாக ரீஸ்டார்ட் செய்யும்வரை ஓடுவது பழையதுதான். ஆண்ட்ராய்டு போனிலும் இருப்பது லினக்ஸ் கெர்னலே. செட்டிங்ஸில் கடைசி பாதுகாப்பு அப்டேட்டின் தேதியை இன்னைக்கே பாருங்க.