பாலாடை: ஒரு சிறு கலத்தின் வரலாறு

தமிழ்நாட்டில் ரப்பர் காம்பு வைத்த புட்டி வருவதற்கு முன்பே கைக்குழந்தைக்குப் பால் புகட்டப் புழங்கிய கலம் பாலாடை. சங்கு என்றும் சொல்வார்கள். அகல்விளக்கைப் போல ஆழம் குறைந்த சிறு கிண்ணம். ஒரு பக்கம் மட்டும் குறுகி மூக்காக நீளும். மேலே மூடி கிடையாது, உள்ளே குழாயும் கிடையாது. ஒரு விரலை விட்டுத் துடைத்தாலே முழுவதும் சுத்தமாகிவிடும். இதன் பெருமையே அதில்தான் இருக்கிறது. வெண்கலம், பித்தளை, வசதியுள்ள வீடுகளில் வெள்ளி என்று இருந்த பாலாடை பின்னாளில் எவர்சில்வருக்கு மாறியது. வெள்ளிச் சங்கு இன்றும் தாய்வீட்டுச் சீரில் ஒன்று.

ஆனால் அந்தக் காலத்தில் சங்கில் போனது பெரும்பாலும் தாய்ப்பால் அல்ல. பிறந்ததும் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வைத்தார்கள். நோயைத் தடுக்கும் சத்து நிறைந்த சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிய வீடுகள் பல. பிறகு வசம்பும் மாசிக்காயும் இழைத்த உரைமருந்து, மலம் இளக விளக்கெண்ணெய். புகட்டிய முறைதான் இன்னும் ஆபத்தானது. நீட்டிய கால்களின்மேல் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, வீறிட்டு அழும் வாயில் ஊற்றுவார்கள். விழுங்கவைக்க மூக்கைப் பிடிப்பதும் உண்டு. புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. பிள்ளை தேற வேண்டும் என்ற அக்கறையில் செய்ததுதான். ஆனாலும் அது குழந்தைகளைக் கொன்றிருக்கிறது.

புட்டியின் கதையும் அப்படித்தான். 1845இல் நியூயார்க்கைச் சேர்ந்த எலைஜா பிராட் ரப்பர் காம்புக்குக் காப்புரிமை பெற்றார். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நீண்ட ரப்பர் குழாய் பொருத்திய புட்டிகள் பரவின. குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியில்லை, கிருமி மண்டியது. கொலைகாரப் புட்டி என்றே அவற்றுக்குப் பெயர் விழுந்தது. 1867இல் ஹென்றி நெஸ்லே பாலும் மாவும் கலந்த குழந்தை உணவை விற்கத் தொடங்கினார். டப்பாப் பால் ஆசிய நகரங்களுக்கும் வந்தது. 1939இல் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இனிப்பூட்டிய டப்பாப் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடு என்று விற்பதைக் கொலைக்குச் சமம் என்று ரோட்டரி சங்கக் கூட்டத்திலேயே சொன்னார். 1981இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது; அதை ஒட்டி 1992இல் இந்தியா இயற்றிய சட்டம், பால்மாவோடு பால் புட்டியின் விளம்பரத்தையும் தடைசெய்தது.

இதற்கிடையில் பாலாடை மருத்துவமனைக்குள் வந்துவிட்டது. சப்புதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றும் ஒத்திசைவது கர்ப்பத்தின் ஏறத்தாழ 34ஆம் வாரத்தில்தான். அதற்கு முன் பிறந்த குழந்தை மார்பில் சரியாகக் குடிக்க முடியாது. ஆனால் சிறிது சிறிதாகக் கொடுத்தால் பலவும் விழுங்கும். செவிலியர் குழந்தையைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்கிறார். குழந்தை விழுங்கிய பிறகே அடுத்த வாய். கொதிநீரில் சுத்தப்படுத்திய பாலாடையில் இருப்பது தாய் தன் கையால் பீய்ச்சித் தந்த பால். அவசரமாகச் சாய்த்தால் இங்கும் புரையேறும்.

1999இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், புட்டியையும் கோப்பையையும்விடப் பாலாடையில் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தன. 2007இல் பிரிட்டனில் செய்த ஆய்வு நேர்மாறாக, புட்டியைவிடப் பாலாடையில் நேரம் அதிகம் ஆனது, பாலும் சிந்தியது என்றது. கைப்பழக்கம் இதில் பெரும்பங்கு வகித்திருக்க வேண்டும். எடை கூடி, சப்பும் பலம் வந்ததும் குழந்தையை மார்புக்கு மாற்றுகிறார்கள். அதுவரை பாலாடையில் கொடுக்கத் தாய்க்கே செவிலியர் கற்றுத் தருகிறார்.